கேசரித் தட்டை மூடிய கை

சோணைமுத்து பெரியப்பா நூற்பாலை வேன் ஓட்டுகிறார். திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களில் வேலைக்குப் போகும் பெண்களை விடியலில் ஏற்றி, அருப்புக்கோட்டை தாண்டி ஆலையில் இறக்குவார். அந்த வழியில் எந்தக் கடையில் எப்போது வடை வேகும் என்பது அவருக்கு அத்துப்படி. டீயில் சீனி குறைந்தால், கடைக்காரருக்கு உடம்பு சரியில்லையா என்று அக்கறையாக விசாரிப்பார்.

ஆலையில் நடந்த மருத்துவ முகாமில்தான் அது தெரிந்தது. "சுகர் இன்னும் வரலை. ஆனா வாசப்படியில நிக்குது. சாப்பாட்டை மாத்துனா திரும்பிப் போயிரும்" என்றார் டாக்டர். பெரியப்பா வீட்டுக்கு வந்து முதல் வரியை மட்டும் சொன்னார். மீதியை வேனில் வரும் பெண்கள் அனுசியா அக்காவிடம் சொல்லிவிட்டார்கள்.

அனுசியா அக்கா அவருடைய ஒரே மகள். அன்றிலிருந்து அடுப்படி அவள் கைக்குப் போனது. தட்டில் பாதி காய்கறி, ஓரமாகக் கொஞ்சம் சோறு, மிச்ச இடத்தில் பயறு, முட்டை.

"ஏத்தா, இது ஆட்டுக்கு வச்சதா, எனக்கு வச்சதா?"

"ஆட்டுக்கு இவ்வளவு பொடிசா நறுக்க மாட்டேம்ப்பா."

கருப்பட்டி சீனியில் சேராது என்று வாதாடித் தோற்றார். குதிரைவாலி நம்ம ஊர்த் தானியம், ஒன்றும் செய்யாது என்று மலை போல் குவித்துக்கொண்டு மாட்டினார்.

வெளியில் யாராவது இனிப்பு நீட்டினால்? அதற்கும் அக்கா பயிற்சி கொடுத்தாள். எதிர்பாராத நேரத்தில் வெறும் கரண்டியை நீட்டி "இந்தாங்க" என்பாள். உடனே அவர் தட்டை மூடுவதுபோல் உள்ளங்கையை விரித்து "வேண்டாந்தா" என்று சொல்ல வேண்டும். செருப்பு மாட்டும்போது, மீசை ஒதுக்கும்போது என்று கரண்டி எங்கிருந்தும் வந்தது. நிற்கும் வேனில் அவர் கண்ணயர்ந்தால் "அண்ணே, லட்டு!" என்று பெண்கள் கத்துவார்கள். கண் திறக்கும் முன்னே அவர் கை எழும். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. பேன்ட்டும்தான்.

இதற்கிடையில் காரியாபட்டிப் பக்கத்திலிருந்து முத்துராஜ் வீட்டார் அக்காவைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் விசைத்தறி மெக்கானிக். அக்காவுக்குப் பிடித்திருந்தது. கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள். ஆனால் கண்ணாடி முன் காரணமில்லாமல் நின்றுகொண்டிருந்தாள்.

நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். சம்மதம் என்றால்தான் அந்த வீட்டில் கை நனைப்பது எங்கள் வழக்கம். எதையும் வாயில் வைக்காமல் எழுந்தால், சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். ஆவுடைத்தாய் பெரியம்மா போகும்போதே எச்சரித்தார்.

"அங்க போயி சுகரு அது இதுன்னு வாயத் தொறந்துறாதீக. பொண்ணுக்கும் இருக்குமோன்னு நெனப்பாக. ஒரு வாய் கேசரி தின்னா ஒண்ணும் கொறஞ்சிற மாட்டீக."

பெரியப்பா தலையாட்டினார்.

பேச்செல்லாம் நன்றாகவே போனது. மாப்பிள்ளையின் அம்மா முத்துத்தாய், நெய் மினுங்கும் கேசரித் தட்டோடு வந்து பெரியப்பா முன் குனிந்தார். "இந்தாங்கண்ணே."

சட்டென்று கை எழுந்து தட்டை மூடியது. "வேண்டாந்தா!"

முத்துராஜின் முகம் வாடிவிட்டது. அவர் அப்பா மாரிச்சாமி தொண்டையைச் செருமி, "சரிங்க, வீட்ல கலந்துக்கிட்டே சொல்லுங்க" என்றார்.

பெரியப்பா தன் கையை யாருடையதோ போலப் பார்த்தார்.

"ஐயய்யோ, எனக்குச் சம்மதங்க! இந்தக் கைக்குத்தான் தெரியல. எம் மக பழக்கிவிட்ட கை!"

பெரியம்மா கிள்ளக் கிள்ள, முகாமிலிருந்து வெறும் கரண்டி வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். முடித்ததும் துணிந்து கேசரியை எடுக்கப் போனார். முத்துத்தாய் தட்டை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"புள்ள இம்புட்டுப் பாடுபட்டிருக்கு. அத நான் கெடுக்கவா?"

"அப்ப நான் எதுலம்மா கை நனைக்க?"

பதில் பெரியப்பாவின் மூக்குக்குத்தான் தெரிந்தது.

"உள்ள என்ன வேகுது?"

"அது ராத்திரிக்குத் தட்டாம்பயறுண்ணே. சம்பந்தம் பேச வந்தவுகளுக்குப் பயறா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நானும் சேந்து சிரிக்கிறேன். கொண்டாங்க."

ஆவி பறக்க வந்தது. அவர் ஊதி ஊதித் தின்றார். முத்துராஜுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு எல்லோருக்கும். மாரிச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏய், மச்சானுக்கு இன்னொரு கரண்டி வையி" என்றார்.

மச்சான்! பெரியம்மா மூச்சை விட்டார். பெரியப்பாவின் பங்குக் கேசரியும் பெரியம்மாவுக்கே போனது.

அப்போது என் போன் அடித்தது. அனுசியா அக்கா.

"அப்பா கை நனச்சாரா?"

"நனச்சாரு."

"கேசரியிலயா?" சந்தோஷமும் கோபமும் ஒன்றாக வந்தன. நான் ஸ்பீக்கரைப் போட்டு நீட்டினேன்.

"சீனியத் தொடலத்தா. பயறுதான்."

"எவ்வளவு?"

"கொஞ்சந்தான்..."

அடுப்படியிலிருந்து முத்துத்தாய் கத்தினார். "நம்பாத தாயி! சட்டி காலி!"