வளையாத குழாயும் ஓடாத சீசரும்

நாய் பழக்கும் தொழிலில் நாய் கடித்து நான் ஒருநாளும் ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை; எனக்கு இருக்கும் ரத்தக்கொதிப்பு முழுக்க நாயின் சொந்தக்காரர்கள் கொடுத்தது. உங்களில் யாராவது ஊரார் வீட்டு நாயைப் பழக்கிப் பிழைத்திருந்தால் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், பேசாமல் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் படியுங்கள். ராணுவத்தில் நாய்களோடு இருந்துவிட்டு எழுபதுகளின் கடைசியில் காரைக்காலுக்குத் திரும்பி, அதையே பிழைப்பாக வைத்துக்கொண்டவன் நான். எத்தனையோ நாய்கள். ஆனால் இன்றைக்கும் நினைத்தால் பல்லைக் கடிக்க வைப்பது அம்பகரத்தூர் ரைஸ்மில்காரர் வைத்தியலிங்கத்தின் அல்சேஷன் சீசர் விவகாரம்தான்.

கழி வேண்டாம்

பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் அந்துவான், பாரிசில் மகன் வீட்டுக்குப் போய்விட்டு வரும்போது ஒரு புது விளையாட்டைக் கற்றுக்கொண்டு வந்தார். வரிசையாக நட்ட கழிகளுக்கு நடுவே நாய் வளைந்து வளைந்து ஓட வேண்டும். எது சீக்கிரம் ஓடி முடிக்கிறதோ அதற்குக் கப். நாய் வைத்திருந்த நாலைந்து பெரிய வீட்டுக்காரர்கள் கூடி, பொங்கல் கழிந்து போட்டி என்று முடிவு செய்தார்கள். எண்பதுகளின் நடுவில் இது.

மில்காரர் வீட்டுக் கொல்லையில் சவுக்குக் கழிகளை லேசாக ஊன்றிவிட்டு வந்தேன். தோள் இடித்தால் ஆடிக் கொடுக்க வேண்டும், அதுதான் கணக்கு. மறுநாள் போய்ப் பார்த்தால் கழிகளைக் காணோம்! கொத்தனாரை வைத்து, சிமெண்டு போட்டு, இரும்புக் குழாய் நட்டிருக்கிறார் மனுஷர். சீசர் இரண்டு தடவை இடித்துக்கொண்டது. மூன்றாம் தடவை தேர் மாதிரி அசைந்து அசைந்து நடந்தது. தோளைத் தொட்டால் முனகியது. எனக்கு வந்த ஆத்திரத்தில், "யாரைக் கேட்டு இதை நட்டீங்க?" என்று கத்திவிட்டேன். அவர் நிதானமாக வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"நாய்தானே வளையணும்? கழி எதுக்குங்க வளையணும்?"

பின்னால் ஒரு பிரம்பு

அந்தக் குழாய்களைப் பிடுங்கிப் போட வைப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. மறுபடி சவுக்குக் கழி. முதலில் ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு பக்கமும் தள்ளி, நடுவில் ஓட நல்ல இடைவெளி விட்டு நட்டேன். நாய் நேராக ஓடிப் பழகட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கினால் உடம்பு தானாக வளையும். சீசரும் பிடித்துக்கொண்டது. ஆனால் நான் இல்லாத நேரத்தில் மில்காரர் பிரம்பை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே ஓடியிருக்கிறார். விளைவு என்ன? கழிக்குக் கழி நின்று, திரும்பி, அவர் கையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தது.

"பின்னாடி அடி விழும்னா எவன் முன்னாடி பார்த்து ஓடுவான்?" என்று கேட்டேன். பிரம்பைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறித்தும் போட்டேன். மில்காரருக்கு முகம் சிவந்துவிட்டது.

"எங்கப்பா என்னை இப்படித்தாங்க வளர்த்தாரு. நான் கெட்டா போயிட்டேன்?"

 

கிணற்றடியில் நின்றவர்

சீசருக்குச் சோறு வைப்பது யார் என்று விசாரித்தேன். மில்காரரின் மனைவி செண்பகம் அம்மாள். அவரைக் கழி வரிசையின் கடைசியில், கிணற்றடியில் நிற்கச் சொன்னேன். "நான் எதுக்குங்க?" என்று கூச்சப்பட்டுக்கொண்டு நின்றவர், "சீசரு, வாடா கண்ணு" என்றார். அவ்வளவுதான். நாய் கழிகளுக்குள் புகுந்ததுதான் தெரியும். அடுத்த கணம் அவர் புடவையில் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

போட்டிக்கு முதல் நாள் மில்காரர், "பொம்பளை மைதானத்துல வந்து நாயைக் கூப்பிட்டா ஊர் சிரிக்கும்" என்றார். "அப்படின்னா நானும் வரலை" என்று கிளம்பிவிட்டேன். வேறு வழியில்லாமல் அம்மாளைக் கூட்டி வந்தார். மைதானத்தில் அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் அந்த அம்மாள் கூப்பிட்ட குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. சீசருக்குக் கேட்டது. அந்துவானின் நாய் பாதி வரிசை தாண்டும் நேரத்தில் இது முழு வரிசையும் முடித்தது. கப்பை வாங்க மில்காரர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் போய் நின்றார். அந்துவான் கப்பைக் கையில் வைத்துக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கும்படி, பிரெஞ்சு மரியாதையோடு சொன்னார்:

"முசே வைத்தியலிங்கம், நீங்க கொஞ்சம் தள்ளிக்குங்க, மதாம் வரட்டும்."

சம்பந்திக்கு மரியாதை

அடுத்த மாதம் போனால் கொல்லையில் நாய் இல்லை. மகளுக்குக் கும்பகோணத்தில் சம்பந்தம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கப்பைப் பார்த்துவிட்டு, நாயை ஒரு வார்த்தை புகழ்ந்தாராம். அன்றே காரில் ஏற்றி அனுப்பிவிட்டார் நம் ஆள். அம்மாளிடம் சொல்லக்கூட இல்லை. அவர் சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்த பிறகுதான் சங்கதி தெரிந்திருக்கிறது. "இப்படிச் செய்ய உங்களுக்கு எப்படி மனசு வந்தது?" என்று கேட்டேன். அவருக்கு என் கோபம் நிஜமாகவே விளங்கவில்லை.

"ஜெயிச்ச நாயாச்சேன்னுதாங்க குடுத்தேன். தோத்த நாயைக் குடுத்தா மரியாதையா இருக்குமா?"

ரிப்பேர்

பத்துப் பதினைந்து நாளில் கும்பகோணத்திலிருந்து ஆள் வந்தார். "நாய் ஓட மாட்டேங்குது, சாப்பிட மாட்டேங்குது. வந்து ரிப்பேர் பண்ணிக் குடுங்க" என்றார். ரிப்பேராம்! மோட்டார் பம்புசெட்டா அது? நேராக அம்மாளிடம் போய்ச் சொன்னேன். மறுநாள் காலையில் மில் லாரி என் வீட்டு வாசலில் வந்து நின்றது. முன் சீட்டில் அம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தார்.

கும்பகோணத்தில் சம்பந்தி வீட்டு வாசலில் சங்கிலியில் கட்டிக் கிடந்த சீசர் விலா எலும்பு தெரிய எழுந்து நின்றது. அம்மாள் சங்கிலியைக் கழற்றினார். மாப்பிள்ளையின் அப்பா ஓடி வந்து, "என்னம்மா, குடுத்ததைத் திருப்பிக் கேக்குறீங்களா? சம்பந்தம் வேண்டாமா?" என்றார். மகள் கல்யாணம் நின்றுவிட்டால் பழி என் தலையிலும்தானே விழும்? அம்மாள் நாயின் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"பொண்ணைக் கேட்டீங்க, சம்மதிச்சுத் தர்றோம். இதை என்னை யாருமே கேக்கலைங்க."

மாப்பிள்ளையின் அம்மா கதவோரத்திலிருந்து தன் புருஷனைப் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார். கல்யாணமும் நடந்தது. ஆனால் லாரி திரும்பி வந்து நின்ற அன்று மில்காரர் ஆடிய ஆட்டம் கொஞ்சமில்லை. கடைசியில் களைத்துப்போய், "சரி, அடுத்த போட்டிக்காவது ஓடுமா?" என்று என்னைக் கேட்டார். அம்மாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, நிமிராமல் பதில் சொன்னார்:

"ஓடாதுங்க. அது சாப்பிடுது, தள்ளி நில்லுங்க."

நாய் பழக்குகிறவன் என்று வாசலில் போர்டு மாட்டியதற்குப் பதில், நாய் வைத்திருக்கிறவர்களைப் பழக்குகிறவன் என்று எழுதி மாட்டியிருந்தால் ஒருத்தனும் என் படியேறியிருக்க மாட்டான், எனக்கும் ரத்தக்கொதிப்பு வந்திருக்காது.