மதினியின் கன்னத்து வெள்ளை

போன் வந்தபோது நான் ஏணி உச்சியில் நின்று சுவரில் வெள்ளைப் பட்டி மாவு இழுத்துக்கொண்டிருந்தேன். “ஏலே, உன் மதினி போயிட்டா” என்றார் சூசை அண்ணன். அந்தோணியம்மாள் மதினி யாரென்று தூத்துக்குடியில் பெயிண்ட் வேலை பார்க்கிற நம் ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடக்கம் முடிந்ததும் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். “முப்பதாம் நாள் பூசைக்கு முந்தி அவ படத்த முன்னறையில மாட்டணும். சுவத்த நீதான் பாக்கணும்.” என்னை விட்டால் வேறு யார்? இந்த ஊரில் என் கை படாதது கலங்கரை விளக்கம் ஒன்றுதான். அதற்கும் கூப்பிட்டார்கள், எனக்கு நேரமில்லை.

இதை மதினி கேட்டிருந்தால், “கொழுந்தனாரே, நீரு வாயால அடிக்கிற பெயிண்டுக்குச் சுவரே வேண்டாம்” என்பார்.

வேலையில் நான் பட்டி பார்ப்பேன், மதினி உப்புத்தாளால் தேய்ப்பார். கடல்காற்றைக் குடித்த நம் ஊர்ச் சுவர் மேலே காய்ந்து நிற்கும், உள்ளே ஈரத்தை ஒளித்து வைத்திருக்கும். தேய்த்துத் தேய்த்துக் காய்த்துப்போன கையை மதினி நம்ப மாட்டார். கன்னத்தைச் சுவரில் வைப்பார். ஜில்லென்றால் பெயிண்ட் டப்பாவைத் திறக்க விடமாட்டார்.

ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி வீட்டில், மறுநாள் மகளுக்குக் கல்யாணம். மணமக்கள் அறையில் மதினி கன்னத்தை வைத்துவிட்டு, “ஈரம் நிக்குது. இப்ப அடிச்சா அப்பளமா உரிஞ்சு பொண்ணு தலையில விழும்” என்றார்.

அண்ணாச்சி குதித்தார். “மாப்பிள்ள நாளைக்கு வாரான்! உன் கன்னம் சொல்லுதத நான் கேக்கணுமோ?”

“அப்ப உங்க கன்னத்த வைங்க அண்ணாச்சி.”

கோபத்தில் வைத்தேவிட்டார். திரும்பினால் மீசையில் பாதி வெள்ளை. கல்யாணப் பெண் சிரித்த சிரிப்பு துறைமுகத்துக் கப்பல்வரை கேட்டது. “வெள்ளையே இருக்கட்டும்ப்பா” என்றாள். மறுநாள் அந்த அறைச் சுவரில் சாய்ந்த சம்பந்தி வீட்டார் முதுகெல்லாம் கொக்கு நிறம். காய்ந்தபின் நாங்கள் அடித்த ரோஜா நிறம் இன்றைக்கும் ஒரு பொட்டு உரியவில்லை. வேம்பாரிலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அண்ணன் வீட்டு முன்னறையைச் சுரண்டி, பட்டி பார்த்து, தேய்த்தும் முடித்தேன். மதினி தேய்த்த மூலைக்கு என் மூலை கிட்டத்தட்ட வரும். பூசைக்கு முந்தின நாள் கன்னத்தை வைத்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது.

“காஞ்சிருச்சு அண்ணே. அடிச்சிருவமா?”

“இரு, நானும் பாக்கேன்.” அண்ணன் கன்னத்தை வைத்தார். ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தார். எடுத்தபோது முகத்து வெள்ளையில் ஈரக்கோடு ஓடியிருந்தது. “இன்னும் ஈரமாத்தான் இருக்குலே.”

வேலை விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவன் நான். “ஆமாண்ணே, இருக்கு” என்றேன்.

பூசை முடிந்துவிட்டது. மதினியின் படம் நாற்காலியில்தான் இருக்கிறது, டப்பா திறக்கவில்லை. சாயங்காலம் நாங்கள் இருவரும் கன்னத்தை வைத்துப் பார்க்கிறோம். பிறகு அந்த வெள்ளையைத் துடைக்காமல் நான் பஸ் ஏறுகிறேன். மதினியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.