சாரல் காலத்து நோயாளி

எனக்கு மலக்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது எண்பதுகளின் கடைசியில், ஓர் ஆனி மாதம். முதலில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கிவிட்டு, புரட்டாசியில் அறுத்து எடுக்கலாம் என்றார் திருவனந்தபுரத்து டாக்டர். எங்கள் வீடோ மேலகரத்தில். பக்கத்தில் குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது.

என்னைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஒரு கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், மறு கையில் துண்டும் மாற்றுத்துணியும். கட்டிலருகே கொஞ்ச நேரம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பார்கள். பிறகு கொல்லையில் போய் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குக் கிளம்புவார்கள். மருந்து ஏறிய வயிற்றுக்கு அந்த நல்லெண்ணெய் வாடையே போதும், வாளியை இழுத்துக்கொள்வேன். "பாவம், ரொம்பக் கஷ்டப்படுதான்" என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டு வேனில் ஏறுவார்கள். திரும்பி வந்ததும் ஈரத்துணியை என் கட்டில் கம்பியில்தான் காயப்போடுவார்கள்.

ஆபரேஷன் புரட்டாசியில் என்றதும் என் மனைவியின் அண்ணனுக்கு முகமே விழுந்துவிட்டது.

"அப்ப அருவியில தண்ணி இருக்காதே மாப்ள. ஆடியிலயே முடிச்சிரச் சொல்லப்படாதா?"



புரட்டாசியில் அறுத்தார்கள். வீடு திரும்பியபோது அருவி வெறும் பாறையாகக் கிடந்தது. வாசலில் ஒரு வேனும் நிற்கவில்லை. ஒரு சாயங்காலம் என் மனைவியின் அண்ணன் மட்டும் பஸ் பிடித்து வந்து கட்டிலருகே உட்கார்ந்தார்.

அவர் தோளைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன். துண்டு கொண்டுவரவில்லை.