துரையின் படகும் மிஸியம்மாவின் இடுப்பும்

தேயிலைத் தோட்டம் கொடுத்த எதுவும் சிசிலிக்குப் பொருந்தியதே இல்லை. கந்தப்பளையிலிருந்து மருத்துவச்சியாக, தோட்டத்துப் பேச்சில் மிஸியாக, வந்த முதல் நாள் கையில் கொடுத்த வெள்ளைக் கோட்டு, அவளுக்கு முன்னால் இருந்த ஒல்லியான மிஸிக்குத் தைத்தது. பக்கத் தையலைப் பிரித்து வேறு துணி கொடுத்துத்தான் அதைப் போட்டாள். ரப்பர் சப்பாத்து இரண்டு விரல் பெரிது, பஞ்சு அடைத்துக்கொண்டு நடந்தாள். கட்டில் குட்டை. பதினாறு வருடம் இப்படியே ஓடிவிட்டது. கேட்டிருந்தால் மாற்றிக் கொடுத்திருப்பார்களோ என்னவோ, அவள் கேட்கவில்லை. கேட்பதற்கும் ஒரு தெம்பு வேண்டும். அவளுடைய தெம்பெல்லாம் தொழிலாளர்களின் லயத்துக் காம்பராக்களில், அடுத்தவள் வலிக்கு முதுகு நீவியே தீர்ந்துபோயிருந்தது.

முன்பெல்லாம் நடையாவது குறைவு. ஓயா ஆற்றை மறித்து நோட்டன் பக்கம் அணை கட்டித் தண்ணீரை நிறுத்தியதும் தோட்டம் இரண்டு துண்டாகிவிட்டது. மருந்துக்கொட்டில் இந்தக் கரையில் நின்றது. அறுபது குடும்பம் இருக்கும் பிரிவு அந்தக் கரைக்குப் போய்விட்டது. அதை அக்கரைக் கணக்கு என்றார்கள். முன்பு பாலத்தைத் தாண்டி இருபது நிமிடத்தில் போன இடத்துக்கு, இப்போது தண்ணீரைச் சுற்றிக்கொண்டு மூன்று மணி நேரம் நடக்க வேண்டும். தெப்பம் கட்டிப் பார்த்தார்கள். காற்று அதை அணைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், இரண்டு பேர் செத்துப் பிழைத்து வந்தார்கள். அதோடு தெப்பம் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது.

அக்கரையில் யாருக்காவது வலி கண்டால் மூங்கிலில் வெள்ளைத் துணியைக் கட்டி ஏற்றுவார்கள். அதைப் பார்த்ததும் சிசிலி பையைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். போன ஐப்பசியில் காளியாயிக்காகத் துணி ஏறியது. மழையில், பஞ்சு ஊறிய சப்பாத்தோடு அவள் போய்ச் சேர்ந்தபோது தாயும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது. காளியாயியின் மாமியார் திட்டவில்லை. கோபம்கூட இல்லாமல் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கொடியப் பாத்தீங்களா மிஸியம்மா?"

பார்த்தேன் என்றுதான் சொன்னாள். வேறென்ன சொல்வது? பார்த்துவிட்டு நடந்தேன், நடந்துகொண்டே இருந்தேன் என்று அந்தக் கிழவியிடம் விளக்கவா முடியும்? அன்றைக்கே வேலையை விட்டுவிட நினைத்தாள். விட்டால் அக்கரைக்கு நடக்க இந்த ஆள்கூட இருக்காது என்பதுதான் அவளைப் பிடித்து வைத்தது.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்தை நடத்தும் பெரியதுரைக்கு அடுத்தவரான சின்னதுரை சீமைக்கே திரும்பக் கிளம்பினார். அவர் சீமையிலிருந்து கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீரில் விட்டு விளையாடிய படகு ஒன்று இருந்தது. அதைக் கயாக் என்பார். தோட்டம் துரைப்படகு என்றது. பதினேழு அடி நீளம், இரண்டு அடிக்குச் சற்று மேல் அகலம். மெல்லிய மரச்சட்டத்தின் மேல் கித்தான் இழுத்துக் கட்டி, பூச்சுப் பூசி, மேலே உட்கார ஒரு ஓட்டை மட்டும் விட்டது. கடல் அலைக்கே அசையாத படகாம். "இது மிஸிக்கு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நல்ல மனுஷன்தான். அந்த ஓட்டையையும் சிசிலியையும் ஒரு தடவை சேர்த்துப் பார்த்திருக்கலாம், அவ்வளவுதான்.

பாதித் தோட்டம் கரையில் கூடி நிற்க, அவள் அதில் இறங்கினாள். கால் போனது, தொடை போனது, இடுப்பு நின்றுவிட்டது. இறங்கவும் முடியவில்லை, ஏறவும் முடியவில்லை. இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்ததில் படகு புரண்டு, எல்லோருமாகச் சேற்றில் விழுந்தார்கள். ஜனம் சிரித்தது. நாற்பத்தேழு வயதில், இவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகளைத் தன் கையால் வாங்கிப் போட்டவள், சேற்றில் உட்கார்ந்துகொண்டு தானும் கொஞ்சம் சிரித்தாள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

பெரிய கிளாக்கர் முத்துலிங்கத்துக்கு அழுகையும் தெரியாது, சிரிப்பும் தெரியாது. யாழ்ப்பாணத்து மனுஷன், சாமான் பட்டியலில் இருப்பது இருந்தபடியே இருக்க வேண்டும் அவருக்கு.

"மிஸி, அது துரையிட படகு. ஒரு கீறலும் விழப்படாது. சாமான் கொட்டிலுக்குள்ள வச்சுப் பூட்டிச் சாவியத் தாங்கோ" என்றார்.

பூட்டுவதற்கு முன்னால் தேயிலை பெக்டரியின் தச்சன் பத்திநாதன் ஒரு மணி நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். தட்டிக் கேட்டான், உள்ளே கைவிட்டுத் தடவினான். எல்லாம் செம்பு ஆணி, ஒன்றில்கூடத் துரு இல்லை என்று அவனுக்கு ஒரே மலைப்பு.

"படகு மேல குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல மிஸியம்மா. அந்தத் துரைக்குப் பின்பக்கமே கெடையாது. அவருக்கு அளவெடுத்துச் செஞ்சது இது. ஒங்களுக்கு நான் ஒண்ணு செய்றேன்."

செய்தான். பெக்டரியில் உடைந்து கிடந்த தேயிலைப் பெட்டிகளின் பலகையை எடுத்துத்தான் செய்தான். அந்தத் தோட்டத்தில் அலமாரி, தொட்டில், கோழிக்கூடு எல்லாமே தேயிலைப் பெட்டிப் பலகைதான், படகு மட்டும் வேறெதில் பிறக்கும்? அவன் பெண்சாதி பவுலின் கயிற்றை வைத்து சிசிலியின் இடுப்பை அளந்து, கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அகலமான, தட்டையான படகு. மூன்று ஞாயிறு, மாதா கோயில் பூசை முடிந்த பிறகு, கரையோரமாகவே சிசிலி அதில் துடுப்புப் போடக் கற்றுக்கொண்டாள். துரையின் துடுப்பு மட்டும் பூட்டாமல் வெளியே இருந்தது, அதற்கு இரண்டு முனையிலும் இலைபோல் பலகை. இடது, வலது, இடது, வலது என்று தோள் சுழல்வது முதலில் வலித்தது, பிறகு பழகியது.

மூன்றாம் ஞாயிறு கரையேறியதும் படகின் அடியைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். நீர் கோத்த கர்ப்பிணியின் காலில் பதிவது போல விரல் பதிந்தது. ஓரத்தில் ஒட்டுப்பலகை ஏடு ஏடாகப் பிரிய ஆரம்பித்திருந்தது.

"பசை கரையுது தம்பி" என்றாள்.

பத்திநாதன் நம்பவில்லை. "எப்படிங்க? கொழும்பு வரைக்கும் மழையில போகுதே பெட்டி. தேயில ஒரு கொழுந்து நனையாதே."

"தேயில நனையாம வச்சது உள்ள ஒட்டியிருக்கிற ஈயத்தாளு. பலகை இல்ல."

அவன் முகம் சுருங்கிப்போனது. அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு மாதம் வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து செய்தது. ஆனால் நடுத் தண்ணீரில் பிரிகிற படகை மனசு நோகும் என்று யாரும் மெச்ச முடியாது. அன்று மாலையே அது கோழிக்கூட்டுக்குக் கூரையானது.

சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் கொழுந்து நிறுக்கிற நேரம், அக்கரையில் துணி ஏறியது. பூரணிதான், அங்கே நாள் நெருங்கியவள் அவள் ஒருத்திதான். தலைப்பிள்ளை. காளியாயியின் தங்கச்சி அவள், அதே லயம், அதே மாமியார். ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தம்பிக்கும் வாழ்க்கைப்பட்டவர்கள். போன வாரமே பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று சிசிலி கையால் பார்த்துத் திருப்பிவிட்டு வந்திருந்தாள். மறுபடி புரண்டிருந்தால் மூன்று மணி நேரம் தாங்காது.

அவள் மலைப்பாதைப் பக்கம் திரும்பவில்லை. நேரே பெக்டரிக்குப் போனாள்.

"அந்தப் படகு ஏன் எனக்குப் பத்தல? சரியாச் சொல்லு."

பத்திநாதன் யோசித்தான். "படகு பத்தும் மிஸியம்மா. உள்ள நல்ல அகலம். வாசல்தான் பத்தாது."

"வாசல் பத்தலேன்னா வெட்டத்தான் வேணும். பிரசவத்துல வருஷத்துக்கு நாலு தடவ நான் செய்யிறதுதானே. அறுக்கிற வாளை எடுத்துக்கிட்டு வா."

கொட்டில் சாவி கிளாக்கரிடம் இருந்தது. அவர் சாவியைக் கொடுத்தார், விஷயம் தெரிந்ததும் கூடவே ஓடி வந்தார். "நான் இதுக்குப் பொறுப்பில்லை. பெரியதுரை கேப்பார். எழுதித்தான் அனுப்புவன்" என்று குடையை ஆட்டிக்கொண்டே நின்றார்.

"எழுதுங்கையா" என்றாள் சிசிலி. அவளுக்குச் சண்டை போட நேரமில்லை.

பத்திநாதன் கரிக்கட்டையால் கோடு போட்டான். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது அவன் அன்று தடவிய ஒரு மணி நேரத்தில் அவனுக்கு மனப்பாடம். "இந்தக் குறுக்குச் சட்டம் உயிரு. இதை அறுத்தா படகு வாய விரிச்சிரும். இதுக்கும் அதுக்கும் நடுவுல உள்ளது வெறும் துணியும் வளையமும்தான்." வளையத்தை அறுத்து எடுத்தான். கித்தானைக் கிழித்து, ஓரத்தை மடக்கி ஆணி அடித்தான். மேலே தெறிக்கும் தண்ணீரைத் தடுக்கச் சுற்றிலும் ஒரு சவுக்குப் பலகையை நிறுத்தினான். அடியில் மணல் சாக்கு ஒன்றைப் போட்டான். அரை மணி நேரம் ஆனது.

கரைக்குத் தூக்கி வந்து தண்ணீரில் விட்டதும் சிசிலி உட்கார்ந்தாள். இடுப்பு போனது. பையைக் கால்களுக்கு நடுவே வைத்தாள். மடியில் ரப்பர் சீட்டைப் போர்த்திக்கொண்டு துடுப்பைத் தண்ணீரில் போட்டாள்.

பாதித் தூரத்தில் காற்று வந்தது. தேயிலைப் பெட்டிப் படகு என்றால் தத்தளித்திருக்கும். இது அலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு, கேட்டதும் திரும்பி, சொன்ன பக்கம் போனது. தோள் எரிந்தது, மூச்சு முட்டியது. அதற்கு நடுவிலும் ஒன்று அவளுக்குத் தோன்றியது. இழுத்துப் பிடிக்காமல், பஞ்சு அடைக்காமல், தையல் பிரிக்காமல், இந்தத் தோட்டத்தில் அவளுக்கென்று சரியாக வந்த முதல் சாமான் இதுதான். அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. கூடவே இத்தனை வருடம் ஏன் கேட்கவில்லை என்று ஆத்திரமும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு துடுப்புப் போட்டாள்.

அக்கரையில் காளியாயியின் மாமியார்க் கிழவி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். படகின் மூக்கைப் பிடித்துக் கரைக்கு இழுத்தாள்.

பிள்ளை மறுபடி குறுக்கேதான் கிடந்தது. திருப்ப ஒரு மணி நேரம் பிடித்தது.

வெயில் சாயும்போது அவள் திரும்பி வந்தாள். இந்தக் கரையில் கிளாக்கர் முத்துலிங்கம் அதே குடையோடு, இப்போது கையில் காகிதமும் பென்சிலுமாக நின்றுகொண்டிருந்தார். பத்திநாதன் சற்றுத் தள்ளி, வேலை போகும் என்ற முகத்தோடு நின்றான்.

"பெரியதுரைக்கு என்ன எழுதுறது மிஸி?" என்று கேட்டார் கிளாக்கர்.

சிசிலிக்கு எழுந்திருக்க முடியவில்லை. துடுப்பை மடியில் கிடத்தினாள்.

"பொம்பளப் புள்ள. ஏழு ராத்தல். தாய் சொகம். அதை எழுதுங்கையா."

அவர் காகிதத்தைப் பார்த்தார், படகின் கிழிந்த வாசலைப் பார்த்தார். பிறகு பென்சிலைச் சட்டைப்பையில் செருகி, குடையைப் புல்லில் வைத்துவிட்டு, வேட்டி நனையத் தண்ணீரில் இறங்கி அவளுக்குக் கை கொடுத்தார்.