கித்தாரும் குங்குமப் பொட்டும்

எங்கள் குடும்பத்தில் ஏர்கோன் போட்ட குளிர் அறையில் படுத்துத் தூங்க முதலில் கொடுத்துவைத்தது ஒரு கித்தார்.

அது என் வீட்டுக்காரருடையது. மலாக்காவில் நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்த காலத்தில், ராணுவ முகாமைக் காலி செய்து ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயிடம் வாங்கினார். கரண்டில் வாசிக்கிற கித்தார். எங்கள் லயத்து வீடுகளுக்குப் பொழுது சாய்ந்த பிறகுதான் கரண்டு வரும் என்பது வாங்கி வந்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. காலையில் பால் எடுக்கப் பால்மரம் வெட்டுவார். சனிக்கிழமைகளில் கல்யாண வீட்டு பேண்டில் நின்று வாசிப்பார். நான் பந்தலுக்குள் போக வெட்கப்பட்டு, வெளியே பாத்திரம் கழுவுகிற பெண்களோடு உட்கார்ந்து கேட்பேன்.

தொண்ணூறுகளில் தோட்டத்தை விட்டு டவுன் பக்கத்து ஆயர் குரோவுக்கு, மூத்த மகள் வீட்டோடு வந்து சேர்ந்தோம். வீடு மருமகனுடையது. ஆபீஸ் வேலை, நல்ல பிள்ளை. எங்களுக்குப் பின்னறையும் ஒரு காற்றாடியும் கொடுத்திருந்தார். கித்தார் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

சின்ன மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவள் அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். “ரிசப்ஷன்ல நீங்க ஒரு பாட்டு வாசிக்கணும்ப்பா. நகையெல்லாம் எனக்கு வேணாம்.” நகையும் வாங்கிக்கொண்டாள், அது வேறு விஷயம்.

அவர் கித்தாரை வெளியே எடுத்தார். கழுத்து வளைந்து, கம்பிகள் எம்பி நின்றன. கம்பியை முறுக்குகிற சாவிகள் நிற்காமல் வழுக்கின. அதை விட மோசம் அவருடைய இடது கை. மரம் வெட்டி வெட்டி மோதிர விரல் சரியாக மடங்காது. ஒரு கம்பியை அமுக்குவதற்குள் முகம் கோணிப்போகும். மலாக்கா டவுனில் கித்தார் பழுது பார்க்கும் சீனரிடம் கொண்டுபோய்க் காட்டினார். கழுத்தை நிமிர்த்தி, குறுக்கே பதித்திருக்கும் தேய்ந்த கம்பிகளைப் பிடுங்கிப் புதிதாக அடித்து, சாவிகளையும் மாற்றினால் குழந்தைகூட அமுக்கலாம் என்று அவர் மலாயில் சொன்னாராம். அதை என் வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

மருமகன் பிசைந்த சோற்றை அப்படியே விட்டார். “மாமா! இது விண்டேஜ் மாமா! ஒரு ஸ்குரூவக்கூடத் தொடக் கூடாது. எல்லாம் ஒரிஜினலா இருந்தாத்தான் விலை.”

“விலைக்கு நான் கேக்கல மாப்ள. விரல் வலிக்குதுன்னுதான்.”

“வாசிச்சா விலை எறங்கும் மாமா. சும்மா வச்சிருந்தா ஏறும். மெகசின்ல போட்டிருக்கான் லா.”

மெகசினில் போட்ட பிறகு யார் என்ன பேச முடியும்? எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. போன வருஷம் என் வீட்டுக்காரருக்குப் பல் கட்டியபோது, ஒரிஜினல் போய்விட்டதே என்று இந்த வீட்டில் யாரும் அழவில்லை. ஆனால் கேட்கவில்லை. மருமகனுக்கு நேரே நின்று பேசிப் பழக்கமில்லை.

அன்றைக்கே கித்தாரை மருமகன் தன் ஏர்கோன் அறைக்கு எடுத்துக்கொண்டார். வெயிலும் புழுக்கமும் அதற்கு ஆகாதாம். எங்களுக்கு ஆகும். கல்யாண நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. என் வீட்டுக்காரர் டிவி பார்க்கிற சாக்கில் நாற்காலிக் கைப்பிடியில் விரல்களை வைத்து அமுக்கிப் பழகிக்கொண்டிருப்பார். நாற்காலிக்கு விலை இறங்கும் என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய கித்தார்களை வாங்குகிறவர் என்று ஒருவரை மருமகன் கோலாலம்பூரிலிருந்து வரவழைத்தார். நான் தேத்தண்ணியும் உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிப்பாப்பும் கொண்டுபோய் வைத்தேன். அவர் தொடவில்லை. வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, சின்ன டார்ச் லைட்டை அடித்து, குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறதா என்று பார்ப்பதுபோல் கித்தாரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“சார், இங்க என்ன செவப்பா இருக்கு? தலையிலயும் இருக்கு.”

“பொட்டு,” என்றார் என் வீட்டுக்காரர்.

“என்ன பொட்டு?”

“சரஸ்வதி பூசைக்கு வைக்கிறது. சந்தனம் வச்சு, நடுவுல குங்குமம்.”

“எத்தன வருசமா சார்?”

“வாங்குன நாள்லேர்ந்து.”

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? பால் வெட்டும் கத்தி, வாளி, சைக்கிள், பிள்ளைகளின் புத்தகம், எல்லாவற்றோடும் கித்தாரும் சாமிக்கு முன்னால் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மறுநாள் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்போம். வருஷா வருஷம் அதே இடத்தில் வைத்ததில் சாயத்துக்குள்ளேயே குங்குமம் இறங்கிவிட்டது.

“பாலிஷ் போட்டு எடுத்துட்டா?” என்றார் மருமகன்.

“எடுத்தா இன்னும் மோசம் சார். பழசு சேக்குற கலெக்டர் யாரும் இத வாங்க மாட்டாங்க.” வந்தவர் கையுறையைக் கழற்றினார். பிறகு நிம்மதியாகத் தேத்தண்ணியைக் குடித்து, தட்டிலிருந்த கறிப்பாப்பையும் காலி செய்துவிட்டுப் போனார்.

மருமகன் என் பக்கம் திரும்பினார். “அத்தை, அதுக்குப் போயா பொட்டு வைப்பீங்க? வெஸ்டர்ன் இன்ஸ்ட்ருமெண்ட் அத்தை அது!”

கதவுத் திரைக்குப் பின்னால் நின்றபடி எப்படியோ வாய் திறந்துவிட்டேன். “கம்பி இருக்கே மாப்ள. வீணைக்குத் தூரத்துச் சொந்தமா இருக்கும்னு நெனச்சோம். உங்க காருக்கும்தான் வருசா வருசம் வைக்கிறோம்.”

அவர் கொஞ்ச நேரத்தில் வெளியே போய்க் கார் முன்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விலை இல்லை என்றானதும் கித்தார் மறுபடியும் எங்களுடையதாகிவிட்டது. மறுநாள் காலை அதைத் துணியில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்காரர் சீனர் கடைக்கு டவுன் பஸ் ஏறக் கிளம்பினார். மருமகன் வாசல் வரை ஓடி வந்தார்.

“மாமா, கழட்டுற பழைய சாமானெல்லாம் கேட்டு வாங்கிட்டு வந்துடுங்க. தூக்கிப் போட்டுடப் போறான்.”

“சரி மாப்ள. என் பழைய பல்லும் இருக்கு, வேணுமா?”

ரிசப்ஷன் அன்று அறிவிப்பாளர் அவரை மேடைக்குக் கூப்பிட்ட அதே நேரத்தில் மேசைகளுக்கு ஆட்டிறைச்சி வந்தது. எங்கள் ஜனங்கள் எதற்கு மரியாதை கொடுப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அவர் பாட்டுக்கு வாசித்தார். மோதிர விரல் ஓரிரண்டு இடத்தில் ஏமாற்றியது, மற்ற விரல்கள் அதற்கும் சேர்த்து ஓடின. முகம் கோணவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், இந்தத் தடவை பந்தலுக்கு உள்ளே உட்கார்ந்து.

பாட்டு முடிந்ததும் சின்னவள் மாலையும் கழுத்துமாக மேடையிலிருந்தே சொன்னாள். “இன்னொன்னுப்பா.”

அவர் இரண்டு மாப்பிள்ளைகளில் ஒருவரையும் கேட்கவில்லை. ஒரு கம்பியை லேசாக முறுக்கிவிட்டு, அடுத்ததை ஆரம்பித்தார்.