அத்தை பேசிய ஊமைப்படம்

சுவரில் ஆணியடித்துக் கட்டிய வெள்ளை வேட்டியில் அத்தை வாயசைத்துக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லை. கல்யாணத்துக்குப் பயந்து ஓடும் மாப்பிள்ளையை மாமல்லபுரம் மணலில் மடக்கி, விரலை நீட்டி, மூச்சுவிடாமல் திட்டினாள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். கடற்கரையை ஒட்டிய அணு ஆராய்ச்சிக் குடியிருப்பில் இருந்த மாமா, ஆண்டு விழாவுக்கு ஒரு நகைச்சுவை நாடகம் எழுதியிருந்தார். அதையே படமாக எடுக்க அவருக்கு ஆசை. கிடைத்ததோ ஒலி பதிவாகாத பழைய எட்டு எம்.எம். கேமரா. பேச்சால் சிரிக்கவைத்த நாடகத்தை ஓடுவதும் விழுவதுமாக மாற்றினார். செங்கல்பட்டிலிருந்து ஊழியர் பேருந்து ஓட்டிவந்த டிரைவர்தான் மாப்பிள்ளை. பெண்ணின் தாய் அத்தை. அப்படி என்ன திட்டினாய் என்று யார் கேட்டாலும் சிரித்து மழுப்பிவிடுவாள். கேமராவுக்குப் பின்னால் நின்ற மாமாவுக்கும் கடற்காற்றில் எதுவும் கேட்கவில்லையாம்.

சில ஆண்டுகளில் அத்தை காய்ச்சலில் படுத்தாள், எழவில்லை. புகைப்படங்கள் இருந்தன. ஆனால் அவள் நடப்பதும் கை வீசுவதும் உதட்டைச் சுழிப்பதும் அந்தப் படச்சுருளில் மட்டும்தான். வெகுகாலம் அதைத் தொட மாமாவுக்கு மனம் வரவில்லை. ஒருவழியாகத் தேறி டப்பாவைத் திறந்தபோது புளித்த வாடை அடித்தது. உப்புக்காற்றில் சுருள் ஒட்டிக் கட்டியாகியிருந்தது. சென்னையில் காட்டிய இடங்களிலெல்லாம் கையை விரித்துவிட்டார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னையும் அழைத்துக்கொண்டு அந்த டிரைவரைத் தேடிச் செங்கல்பட்டுக்குப் போனார். படம் போனதைச் சொல்லிவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “அன்னிக்கு அவ உங்களை என்ன சொல்லித் திட்டினா?”

நரைத்திருந்த டிரைவர் சிரித்தார். “திட்டவே இல்ல சார். மூஞ்சியத்தான் கோவமா வெச்சுகினாங்க. ‘காலு சுடுதா தம்பி? எனக்குந்தான் சுடுது. அவரு ஆசப்பட்டு எடுக்கறாரு, கொஞ்சம் பொறுத்துக்க. சிரிச்சுக் கெடுத்துடாத’ன்னாங்க. எனக்குச் சிரிப்ப அடக்க முடில.”

மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இன்னொரு தடவை சொல்லுங்க” என்றார். டிரைவர் இம்முறை சிரிக்காமல், நிதானமாகச் சொன்னார்.

அந்த வார்த்தைகளைத் தெரிந்துகொண்டு அவள் உதட்டசைவை ஒரே ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எனக்கு இன்றும் ஏக்கம் உண்டு. திரும்பும் பேருந்தில், திருக்கழுக்குன்றம் தாண்டியதும், மாமா ஜன்னல் பக்கம் திரும்பியபடி சொன்னார்:

“அவளுக்கும் கால் சுட்டிருக்கு.”