பத்து நிமிசத் தூதுவர்

நான் ஒரு தூதுவர். சிரிக்காதேங்கோ. கிழமை நாளிலை மொன்றியல் துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்திலை ஃபோர்க்லிஃப்ட் ஓடுறன். சனி ஞாயிறிலை, இலங்கையிலை ஆமி பிடிச்சு வைச்சிருக்கிற எங்கடை காணியளுக்காக வெளிநாட்டு அலுவல் பாக்கிறன். இஞ்சத்தைத் தமிழ்ச் சனம் கூட்டம் கூடித்தான் என்னைத் தெரிவு செய்தது. உண்மையைச் சொன்னால், அண்டைக்கு வேறை ஒருத்தரும் முன்னுக்கு வரேல்லை.

எங்கடை தூதரகம் வீட்டு பேஸ்மென்டிலை, உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குப் பக்கத்திலை. விசிட்டிங் காட்டிலை பிரெஞ்சிலை 'அம்பாசடர்' எண்டு போட்டிருக்கு. சந்திக் கடைக்காரர் அதைப் பாத்திட்டு, எந்தச் சோடாக் கம்பனிக்கு எண்டு கேட்டார். என்ரை மனுசி அதுக்கும் மேலை. "இஞ்சாருங்கோ தூதுவர், மெசின் நிண்டிட்டுது, உடுப்பை எடுத்துக் காயப் போடுங்கோ" எண்டுவா. போடுறதுதான், வேறை என்ன செய்யிறது.

ஆனா அலுவல் பகிடி இல்லை. என்ரை அக்காவின்ரை வீடும் வளவும் முப்பது வருசத்துக்கு மேலை ஆமியின்ரை முள்ளுக்கம்பிக்கு உள்ளை; வீட்டிலை ஆமிக்காரர்தான் குடியிருக்கினம். அக்காவுக்கு எழுபத்திநாலு வயசு, பக்கத்து ஊரிலை வாடகை அறையிலை இருக்கிறா. "சாகமுந்தி ஒரு நாள் என்ரை வீட்டிலை படுத்தெழும்ப வேணுமடா, ஆரிட்டையாவது கேள்" எண்டு போனுக்குப் போன் சொல்லுவா. ஆரிட்டைக் கேக்கிறது? கடைசியிலை இஞ்சத்தை எம்.பி. ஒருத்தர் பத்து நிமிசம் தந்தார். அவர் கொழும்புக்கு ஒரு கடிதம் எழுதினால் காணும்.

மச்சானின்ரை கலியாணக் கோட்டை இரவல் வாங்கிப் போட்டன். கோட்டுக் கை முழங்கைக்குக் கிட்ட நிண்டிட்டுது. மொழிபெயர்க்க மகளும் எம்.பி.யின்ரை ஒபிசுக்கு வந்தாள், அவளுக்குத் தமிழைவிடப் பிரெஞ்சு லேசு. நான் பாடமாக்கின பேச்சைத் தொடங்கி, "பொன்ஜூர் முசியே" எண்டு வாய் மூடேல்லை, காதிலை செருகியிருந்த இயர்போனிலை போன் அடிக்குது. அக்கா!

"போனனியோ?"

"ஓம்."

"மனுசன் இருக்கிறாரோ?"

"ஓம்."

"வடிவாக் கேப்பியோ?"

"ஓம், ஓம், ஓமெண்டிறன்!"

வெக்கத்திலை கண்ணை மூடிக்கொண்டு கதைச்சனான். திறந்து பாத்தால், எம்.பி. கையைக் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார். உதவிக்கு நிண்ட பெட்டையும் அப்பிடியே. எங்களுக்கு ஓம் எண்டால் 'ஆமாம்'. அவைக்கு அது யோகா வகுப்பு! எம்.பி. ஆழமா மூச்சிழுத்து "ஓம்ம்ம்" எண்டார், பாருங்கோ.

"ஐயோ, மகள், சொல்லு அவருக்கு!"

"அப்பா, பொறுங்கோ, தியானத்தைக் குழப்பக்கூடாது" எண்டவள் சால்வை நுனியைக் கடிச்சுக்கொண்டு குலுங்குறாள்.

அந்த மனுசன் ஆறுதலாக் கண் திறந்து "மெர்சி" எண்டு நன்றி சொல்லேக்கை, உதவிப் பெட்டை மணிக்கூட்டைப் பாத்து, இன்னும் ரெண்டு நிமிசம்தான் எண்டாள்.

எனக்கு விசர் வந்திட்டுது. பாடமாக்கினதெல்லாம் பறந்திட்டுது. "முசியே, நான் சாமியார் இல்லை! இது என்ரை அக்கா!" எண்டு போனை ஸ்பீக்கரிலை போட்டு மேசையிலை வைச்சன். மனுசனுக்கு முகம் சிவந்து போச்சு. மன்னிப்புக் கேட்டிட்டு, அவவுக்கு என்ன வேணும் எண்டு கேட்டார்.

மகள் போனுக்குக் குனிஞ்சாள். "மாமி, உங்களுக்கு என்ன வேணுமாம்?"

"என்ரை வீடு."

அவர் பேனையை எடுத்தார். கடிதத்திலை போட வீட்டு விலாசம் என்ன எண்டார். இத்தனை வருசமாத் தூதுவர், சொந்த அக்காவின்ரை விலாசம் தெரியாது!

"அக்கா, உங்கடை வீட்டு விலாசம் கேக்கினம்."

"விலாசம் என்னத்துக்கடா?" எண்டா அக்கா. "அதிலை இருக்கிறவங்களுக்குத் தெரியும்தானே."

மகள் அதைப் பிரெஞ்சிலை சொல்லத் தொடங்கினவள், பாதியிலை நிண்டிட்டாள். மிச்சத்தை என்ரை அரைகுறைப் பிரெஞ்சிலை நான் சொன்னன். அவர் அதை அப்பிடியே எழுதினார்.